கொட்டலசு

இரவு இரண்டு மணிக்கு
முப்பத்தோராம் தொட்டியின் ஏணியிலிருந்து இறங்கி
அளவு நாடாவைத் துடைத்துச் சுருட்டி வைத்தபின்
ஃபுஜைராவில் எனக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும்.
அந்த நேரத்தில் நான் கலைக்களஞ்சியம் எழுதுகிறேன்.

சொன்னால் சிரிப்பார்கள். சொன்னேன், சிரித்தார்கள்.
மொஃபிஸுல் மட்டும் அக்கறையாகக் கேட்டான்:
ஒரு பக்கத்துக்கு எத்தனை திர்ஹம்?
ஒன்றுமில்லை என்றேன்.
ஓவர்டைம்கூட இல்லையா என்றான்.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை நான்.
ஒருநாள் 'பன்னாடை' கட்டுரையில் யாரோ
எடுத்துக்காட்டு: எங்கள் சூப்பர்வைசர்
என்று சேர்த்திருந்தார்.
எங்கள் சூப்பர்வைசரை நினைத்துக்கொண்டு
ஒரு நிமிடம் விட்டுவைத்தேன்.
பிறகு நீக்கினேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'சான்று இல்லை' என்று எழுதினேன்.

கொட்டலசைத் தொட்டது மார்ச்சில்.
கப்பலின் அடியில், துறைமுகக் கல்லில்
ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அந்தச் சின்ன உயிர்.
தமிழில் நாலே வரி இருந்தது.
மூன்று ராத்திரி உட்கார்ந்து நாற்பதாக்கினேன்.
நான்காம் ராத்திரி திறந்தால் பதினொன்று.
நீக்கியவர்: உப்புக்காற்று19.
காரணம்: கேள்விப்பட்டதெல்லாம் கட்டுரை ஆகாது.

போய்யா என்று போனை மூடினேன்.
இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மெமோ,
அங்கேயுமா?

பத்து நாள் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.
பதினோராம் நாள் எனக்கொரு செய்தி கிடந்தது:

'நீங்கள் வராததைக் கவனித்தேன்.
நான் நீக்கிய இருபத்தொன்பது வரியில்
பதினேழுக்குச் சான்று கிடைத்துவிட்டது,
பக்க எண்ணோடு திரும்ப வைத்திருக்கிறேன்.
மீதிப் பன்னிரண்டு உங்கள் பொறுப்பு.
"தலையை ஒட்டிவிட்டுக் காலால் சாப்பிடும்"
உங்கள் வரிதானே? அதைப் படித்து
இன்ஜின் ரூமில் தனியாகச் சிரித்தேன்.
மூன்றாம் பத்தியில் ஓரிடத்தில் வல்லினம் மிகாது.'

ஏழு வருஷத்தில் கம்பெனி கொடுத்தது
விபத்தில்லாத நாட்களுக்காக ஒரு தொப்பி.
அதை எல்லோருக்கும் கொடுத்தார்கள்.
இந்த ஒற்றுப்பிழை எனக்கு மட்டும்.

எந்த இன்ஜின் ரூம் என்று கேட்டேன்.
இன்னாசி மச்சாடோ, ஆயிலர், தூத்துக்குடி.
உங்கள் கரைக்கு எதிரேதான் நங்கூரம், நாற்பத்தேழு நாளாக;
ஓனருக்கும் யாருக்குமோ கணக்கு முடியவில்லை,
சிக்னல் பின்தளத்தில் ஒரு மூலையில் மட்டும் வரும்,
அதுவும் இரவில்.

மறுநாள் கட்டுரையில் ஒரு படம் ஏறியிருந்தது.
துருப்பிடித்த சிவப்பு, நீர்க்கோடு,
அதன்மேல் வரிசை வரிசையாகப் பல்லைப் போல அவை.
நின்ற கப்பலில்தான் அதிகம் ஒட்டும்,
சான்று நானே, என்று எழுதியிருந்தார்.
செல்லாது என்று பதில் போட்டேன்.
எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கியது.

தொட்டிமேல் ஏறினால் கடல் முழுக்க விளக்கு.
அறுபத்துநாலு வரை எண்ணியிருக்கிறேன்,
ஒருநாளும் கணக்கு ஒத்துவந்ததில்லை.
உங்களுடையது எது?
டார்ச் அடிக்கிறேன், பாருங்கள் என்றார்.
அடித்திருப்பார்.
மூன்று இடத்தில் ஏதோ மினுங்கியது.
மூன்றுக்கும் ஹெல்மெட் விளக்கை ஆட்டினேன்.

வியாழக்கிழமை ஒரு கப்பல் கிளம்பியது என்றார்கள்.
இரண்டு என்றான் மொஃபிஸுல்.
கட்டுரையின் வரலாற்றில் கடைசி வரி:
உப்புக்காற்று19, சிறு தொகுப்பு, ஒரு கால்புள்ளி.
பக்கத்திலிருந்த 'நன்றி'யை அழுத்தினேன்.
உறுதியா என்று கேட்டது.

பன்னிரண்டில் ஐந்து வரி
இன்னும் பாக்கி.